வன்னி வெக்கையில் ஜேர்மன் பில்ஸ்னர்: முதல் கிளாஸைச் சுவைக்கப் போகிறவர்களுக்கு

ஜேர்மனியில் இருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருகிற சித்தப்பாவோ மச்சானோ சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று பியர் டின்களையும் துணியில் சுற்றிக் கொண்டுவருவதுண்டு. அது அவர் இருக்கிற ஊரின் சிறிய புரூவரி ஒன்றில் செய்த பில்ஸ்னர் என்றால், தயவுசெய்து அதற்குள் ஐஸ்கட்டி போட்டு, உறைப்பான இறைச்சிப் பிரட்டலோடு ஒரே மூச்சில் குடித்து முடித்துவிடாதீர்கள். பொறுமையாகச் சுவைத்துப் பார்க்கத் தகுந்த பியர் அது.

பில்ஸ்னரில் எதையும் மறைக்க வழியில்லை. தண்ணீர், பார்லி மால்ட் (முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி), ஹொப்ஸ் (கசப்பும் வாசமும் தருகிற ஒரு கொடியின் பூ), ஈஸ்ட், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. கறுக்க வறுத்த மால்ட் கிடையாது, பழவாசம் கிடையாது, தலைக்கேறும் அளவுக்கு மதுசாரமும் கிடையாது. செய்தவரின் கைத்திறமையும் அவர் விட்ட பிழையும் அப்படியே கிளாஸுக்குள் தெரியும். பியரைச் சுவைக்கப் பழக விரும்புகிறவர் முதலில் இதில்தான் பழகவேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

ஆனால் பில்ஸ்னர் பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் இருப்பவர்களை நினைத்து எழுதப்பட்டவை. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ சித்திரை, வைகாசியில் நண்பகலில் வெப்பம் 33, 34 பாகைக்குப் போகும். இங்கே சுவைப்பவரின் பாதி வேலை நாக்கோடு இல்லை, வெக்கையோடு. கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படியிலும் அது வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். இது அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்கவேண்டும் என்பதும் என் விருப்பம் இல்லை. கசிப்பும் சாராயமும் வன்னியில் எத்தனை வீடுகளைக் குலைத்திருக்கின்றன என்று நம் ஆக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சுவைத்துக் குடிப்பது குறைவாகக் குடிப்பது. அரை லீற்றர் போத்தல் ஒன்று நான்கு பேருக்குத் தாராளமாகப் போதும். குடித்த பிறகு மோட்டார் சைக்கிளைத் தொடவேண்டாம், நூறு மில்லிலீற்றர்தானே என்றாலும் கூட.

குளிரில் பிறந்தது

பில்சென் என்பது இன்றைய செக் குடியரசில், பொஹீமியாவில் இருக்கிற ஒரு நகரம். 1838 இல் அந்த நகரத்தார் பழுதாகிப்போன பியரை, 36 பீப்பாய் என்று சொல்வார்கள், ஊரறிய வீதியில் கொட்டினார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு புதிய புரூவரி கட்டி, பவேரியாவில் இருந்து யோசெப் குறோல் என்ற பியர் காய்ச்சுபவரை அழைத்துவந்தார்கள். 1842 ஒக்டோபரில் அவர் வெளிறிய மால்ட்டையும் அந்தப் பக்கத்து சாட்ஸ் ஹொப்ஸையும் உப்புக் குறைந்த மென்மையான தண்ணீரையும் கொண்டு காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர். அதுவரை பெரும்பாலான பியர்கள் மண்ணிறமாகவும் கலங்கலாகவும் இருந்தன. இது பொன்னிறமாக, கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

ஜேர்மனியர்கள் அதைப் பார்த்துத் தங்கள் தண்ணீரிலும் தங்கள் ஹொப்ஸிலும் செய்தபோது சுவை மாறியது. ஹலெர்டவ், டெட்னாங், ஸ்பால்ட் ஆகிய இடங்களில் விளைகிற ஹொப்ஸ், கொஞ்சம் கடினமான தண்ணீர், இனிப்பு மிஞ்சாமல் நன்றாகப் புளிக்கவிடும் முறை, இவை சேர்ந்து செக் பில்ஸ்னரை விட வெளிறிய, மெல்லிய, வறண்ட, கசப்புத் தூக்கலான பியரைக் கொடுத்தன. மதுசாரம் பெரும்பாலும் 4.4 இல் இருந்து 5.2 வீதம். கசப்பு அலகு 22 இல் இருந்து 40 வரை. ஹொப்ஸைக் கொதிக்கவைக்கும்போது உருவாகும் கசப்புப் பொருள் ஒரு லீற்றரில் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

இந்தப் பியரின் ஈஸ்ட் குளிரில் வேலை செய்வது. 8 இல் இருந்து 12 பாகைக்குள் மெதுவாகப் புளிக்கவைத்து, பிறகு பூச்சியத்துக்குக் கிட்டிய குளிரில் வாரக்கணக்கில் ஆறவிடுவார்கள். நம் பனங்கள்ளை யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் முட்டி இறக்கும்போது இனிப்பாக இருப்பது பின்னேரத்துக்குள் புளித்துக் கடுப்பாகிவிடுகிறது. காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட்டும் நம் வெக்கையும் சேர்ந்து மணித்தியாலங்களில் செய்கிற வேலையை, தேர்ந்தெடுத்த ஒரே ஈஸ்ட் குளிரில் வாரக்கணக்கில் செய்தால் வருவது பில்ஸ்னர். கள்ளின் அழகு அதன் உயிர்த்துடிப்பில் இருக்கிறது, பில்ஸ்னரின் அழகு அதன் சுத்தத்தில் இருக்கிறது. கள்ளுக்குப் பழகிய நாக்கு பில்ஸ்னரில் புளிப்பைத் தேடக்கூடாது. புளித்த பில்ஸ்னர் கிருமி புகுந்த பில்ஸ்னர்.

பவேரியாவில் 1553 இல் சித்திரை 23 தொடக்கம் புரட்டாதி 29 வரை, அதாவது அவர்களுடைய ஏப்ரல் கடைசியில் இருந்து செப்டெம்பர் கடைசி வரை, பியர் காய்ச்சக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். கோடைகாலத்தில் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பதே காரணம். 1870களில் கார்ல் ஃபொன் லிண்ட குளிரூட்டும் இயந்திரத்தைச் செய்து கொடுத்த பிறகுதான் ஆண்டு முழுவதும் இந்தப் பியரைக் காய்ச்ச முடிந்தது. அவர்களுடைய கோடையே தாங்காத பியர், நம் வெயிலில் என்ன பாடுபடும்!

ஊர் வந்து சேரும் வரை

கொண்டுவருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியது மூன்று விசயம். பில்ஸ், பில்ஸ்னர், பில்செனர் என்று எப்படி எழுதியிருந்தாலும் ஒன்றுதான், குழம்பத் தேவையில்லை. இரண்டாவது, திகதி. போத்தலின் லேபலிலோ டின்னின் அடியிலோ எதுவரை நல்லது என்ற திகதி இருக்கும். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு புதியது என்று எடுத்துக்கொள்ளலாம். சிறு புரூவரிகளின் பியர் பல வேளைகளில் வடிகட்டாததும் சூடாக்கிப் பதப்படுத்தாததுமாக இருக்கும். அது பெரிய கொம்பனிகளின் பியரை விட விரைவாகக் கிழடுதட்டும். ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் வாங்கச் சொல்லுங்கள், ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கிச் சூட்கேஸில் அடுக்கவேண்டாம்.

மூன்றாவது, டின் இருந்தால் டின்னையே கேளுங்கள். போத்தல்தான் அழகு, அது உண்மை. ஆனால் டின்னுக்குள் வெளிச்சம் போகாது, நிறை குறைவு, சூட்கேஸில் உடையாது. போத்தல்தான் கிடைக்கிறது என்றால் மண்ணிறக் கண்ணாடி நல்லது. பச்சைக் கண்ணாடியும் வெள்ளைக் கண்ணாடியும் வெயிலின் ஒளியை உள்ளே விட்டுவிடும். அந்த ஒளி ஹொப்ஸின் கசப்புப் பொருளைத் தாக்கி, கந்தகம் கலந்த ஒரு கெட்ட வாசத்தை உண்டாக்கும். சுட்ட றப்பரும் பழைய உள்ளியும் சேர்ந்ததுபோல் இருக்கும். இதற்கு நாட்கணக்கு வேண்டாம். வெறும் கிளாஸில் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்தால் சில நிமிடங்களே போதும்.

அடுத்தது பயணம். கட்டுநாயக்காவில் இறங்கி வானில் ஏறினால் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ ஆறேழு மணித்தியாலம் ஆகும். பெட்டிகளை வானின் கூரையில் கட்டுவது நம் வழக்கம். பியர் இருக்கிற பெட்டியைக் கூரையில் ஏற்றவேண்டாம். ஆட்கள் இருக்கிற இடத்தில், காலடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். மீன்காரர் பாவிக்கிற றெஜிபோம் பெட்டி ஒன்றையும் கொஞ்சம் ஐஸையும் வானில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. விமானத்தின் பொதி அறை பியருக்குக் கெடுதல் செய்யாது. கெடுதல் நம் ஏ9 வீதியில் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் நடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நேரே பிரிட்ஜுக்குள், நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரை வீட்டில் அலுமாரிக்குள் ஒரு வாரம் வைத்த பில்ஸ்னர், பிரிட்ஜில் சில மாதம் வைத்ததை விடக் கிழடாகிவிடும். வந்த களைப்பு ஆற ஒரு நாள் விடலாம், வடிகட்டாத பியர் என்றால் மண்டி அடியில் இறங்கவும் அந்த நேரம் உதவும். அதற்கு மேல் நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. பில்ஸ்னர் வைத்திருக்க வைத்திருக்க நன்றாகிற சாமான் கிடையாது.

எவ்வளவு குளிர்

வெக்கையைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, இப்போது எதிர்ப்பக்கத்து எச்சரிக்கை ஒன்று. உறையும் குளிரும் பில்ஸ்னருக்கு ஆகாது. மிகக் குளிர்ந்த பியரில் வாசம் எழும்பாது, நாக்கும் மரத்துவிடும். நமக்குக் கிடைக்கிற பியரை ஐஸ்போல் குடித்துப் பழகியதால் இது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். பில்ஸ்னருக்கு ஏற்ற குளிர் 6 இல் இருந்து 8 பாகை. பிரிட்ஜில் இருந்து எடுக்கும்போது 4 பாகைக்குக் கிட்ட இருக்கும். கிளாஸில் ஊற்றியதும் நம் வெக்கையில் அதுவாகவே 6 பாகைக்கு ஏறிவிடும்.

ஏறுவது அதோடு நிற்காது என்பதுதான் சிக்கல். ஆகவே கிளாஸை நிரப்பவேண்டாம். நூறு மில்லிலீற்றர் அளவு ஊற்றுங்கள், மீதியை குளிர்வாளியில் வையுங்கள், முடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். வாளியில் வெறும் ஐஸ்கட்டியை மட்டும் போட்டால் போத்தலைச் சுற்றிக் காற்று இடைவெளி இருக்கும். ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி, ஒரு கைப்பிடி உப்பு, இதுதான் கணக்கு. கரன்ட் இல்லாத நாளில் சூடான போத்தலைக் கூட இந்த வாளி இருபது நிமிடத்துக்குள் குளிரவைத்துவிடும். அவசரத்துக்கு ஃபிரீசருக்குள் வைப்பதை விட இது எவ்வளவோ பாதுகாப்பானது. ஃபிரீசரில் மறந்துபோனால் போத்தல் வெடிக்கும்.

கிளாஸுக்குள் ஐஸ்கட்டி போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அது பியரைத் தண்ணியாக்கும், நுரையைக் கொல்லும். நம் கிணற்றுத் தண்ணீரில் உறையவைத்த ஐஸ் என்றால் தண்ணீரின் கடுமையும் கூடவே இறங்கும். வேண்டாம்.

கிளாஸ், இடம், நேரம்

ஜேர்மனியில் பில்ஸ்னருக்கென்று அடியில் ஒடுங்கி மேலே கொஞ்சம் விரிந்த உயரமான கிளாஸ் இருக்கிறது. அதைத் தேடிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. தேத்தண்ணீர்க் கடையில் பாவிக்கிற ஒடுங்கிய சின்னக் கிளாஸ் நன்றாகவே வேலை செய்யும். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது, பிளாஸ்டிக் கப்பில் பிளாஸ்டிக்தான் மணக்கும். கிளாஸின் வடிவத்தை விட அதன் சுத்தம் முக்கியம், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கொழுப்பு நுரையின் எதிரி. மீன்குழம்புச் சட்டியோடு ஒரே பஞ்சால் தேய்த்த கிளாஸில் எவ்வளவு நல்ல பில்ஸ்னரை ஊற்றினாலும் நுரை நிற்காது. வேறு பஞ்சு, கொஞ்சம் சவர்க்காரம், நிறையத் தண்ணீர். கழுவிய கிளாஸின் உட்பக்கத்தில் தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் அது சுத்தம், முத்து முத்தாக ஒட்டி நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது, கேத்திலில் படிகிற வெள்ளை அந்தத் தண்ணீரில் இருந்துதான் வருகிறது. ஆகவே கிளாஸைத் தானாகக் காயவிடாமல் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

நேரம் என்றால் காலை பத்து, பதினொரு மணி, சாப்பாட்டுக்கு முன். நாக்கு அப்போதுதான் புதிதாக இருக்கும். வேலை நாட்களில் அது நடக்காது என்றால் பின்னேரம் ஐந்து மணி. அதற்குப் பிறகு நுளம்பு வந்துவிடும், நுளம்புத்திரியை ஏற்றினால் மூக்கு போய்விடும். அந்தப் புகைக்குள் ஹொப்ஸைத் தேடுவது வீண்வேலை. சாம்பிராணி, விறகுப்புகை, பொரிக்கிற எண்ணெய், தலையில் பூசிய எண்ணெய் எல்லாம் அப்படித்தான். குசினிக்கு எதிர்ப்பக்க விறாந்தையில், காற்று வருகிற பக்கமாக இருங்கள். முன்னதாக ஒரு மணித்தியாலத்துக்கு வெற்றிலை, சுருட்டு, உறைப்புக்கறி எதுவும் வேண்டாம்.

ஊற்றுவதும் பார்ப்பதும்

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, அதன் பக்கத்தில் வழிய ஊற்றத் தொடங்குங்கள். பாதி வந்ததும் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். நுரை எழும்பட்டும், பயப்படவேண்டாம். இரண்டு மூன்று விரல் உயரத்துக்கு நுரை இருப்பது நல்லது. நம் பக்கத்தில் நுரை வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நுரையோடு கொஞ்சம் காற்று வெளியே போவதால் நாக்கைக் குத்துகிற எரிச்சல் குறைந்து கசப்பு துலக்கமாகத் தெரியும். நல்ல பில்ஸ் ஊற்ற ஏழு நிமிடம் வேண்டும் என்று ஜேர்மனியில் ஒரு பேச்சு இருக்கிறது. வன்னியில் ஏழு நிமிடம் ஊற்றினால் தேத்தண்ணீர்தான் மிஞ்சும். இங்கே ஒரு நிமிடம் போதும்.

பார்ப்பதில் அதிக நேரம் செலவழிக்கவேண்டாம். வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்து மெல்லிய பொன்னிறம் வரை இருக்கவேண்டும், நுரை வெள்ளையாக இருக்கவேண்டும். பெரிய புரூவரிகளின் பில்ஸ்னர் பளிச்சென்று தெளிவாக இருக்கும். சிறு புரூவரியின் வடிகட்டாத பில்ஸ்னர் கலங்கலாக இருந்தால் அது பிழையில்லை. நுரை எப்படி இறங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். குடிக்கக் குடிக்கக் கிளாஸின் பக்கங்களில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு போனால் பியரும் நன்று, கிளாஸும் சுத்தம். கிளாஸின் உட்பக்கத்தில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் உங்கள் கழுவல் சரியில்லை.

மூக்கு

நுரை இருக்கும்போதே முகருங்கள். நீண்ட ஒரே இழுப்பு வேண்டாம், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று, பிறகு முகத்தைத் திருப்பி வெளிக்காற்று, மறுபடியும் இரண்டு மூன்று. மூக்கு விரைவாகப் பழகிவிடுகிற உறுப்பு.

தேடவேண்டியது இரண்டு கூட்டம். ஒன்று மால்ட்டின் பக்கம். உறையைப் பிரித்ததும் கிறீம் கிறாக்கர் பிஸ்கற்றில் வருகிற வாசம், பாணின் கரை, நெற்பொரி, காய்ந்த வைக்கோல். மற்றது ஹொப்ஸின் பக்கம். அப்போது அறுத்த புல், கசக்கிய துளசி, இடித்த மிளகு, தேசிக்காயின் பச்சைத் தோல், சில வேளை மெல்லிய பூவாசம். புதிதாகப் பழகுகிறவருக்கு என் ஆலோசனை, அன்று காலை இவற்றை ஒரு தட்டில் எடுத்து வைத்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிடுங்கள். பியரில் இருக்கிற வாசம் மெல்லியது. மனதில் அதன் அடையாளம் புதிதாக இருந்தால்தான் மூக்கு பிடிக்கும். ஹொப்ஸ் கொடி நீண்ட கோடைப் பகல் வேண்டுகிற பயிர், நம் மண்ணில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் அதன் வாசத்தில் உள்ள பலதும் நம் வேலிக்குள்ளேயே இருக்கிறது.

முதல் முகர்வில் தீக்குச்சி உரசியதுபோல் மெல்லிய கந்தக வாசம் வந்தால் பொறுங்கள். லாகரில், அதாவது பில்ஸ்னர்போல் குளிரில் புளிக்கவைத்த பியரில், புதிதாக இருக்கும்போது அது இயல்பு, ஒன்றிரண்டு நிமிடத்தில் பறந்துவிடும்.

பிழையான வாசங்களையும் தெரிந்துவைக்கவேண்டும். மாஜரின் அல்லது பட்டர் வாசம் வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முழுதாக முடிக்கும் முன் பியரை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அவித்த சோளத்தின் வாசம் கொஞ்சம் இருந்தால் மன்னிக்கலாம், அவித்த கோவாவின் வாசத்துக்குப் போனால் மன்னிக்க முடியாது. பச்சை அப்பிள் தோலின் வாசம் அவசரமாகப் போத்தலில் அடைத்ததைக் காட்டும். சுட்ட றப்பர் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இவை எல்லாம் புரூவரியின் அல்லது கடையின் பிழைகள்.

நமக்கு அதிகம் வாய்ப்பது வேறு ஒன்று, வெக்கையில் கிழடான பியர். மழையில் நனைந்த காட்போட் மட்டை, பழைய கொப்பித் தாள், இவற்றின் வாசம் வந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது, அங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். பில்ஸ்னரில் ஒரு தேன் வாசம் எழும்பும். வன்னிக் காட்டுத்தேனை விரும்பி வளர்ந்த நமக்கு அது நல்ல வாசமாகத்தான் படும், ஹொப்ஸின் மிளகும் புல்லும் அந்த நேரத்தில் மங்கியிருப்பது தெரியாது. ஜேர்மன் பில்ஸ்னரில் தேன் மணத்தால் அது சூடு பட்டிருக்கிறது. குடிக்கலாம், உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஒரு போத்தலை வைத்துக்கொண்டு அந்தப் புரூவரியின் பியர் இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பிழை பயணத்தில் நடந்தது.

கசப்பு

முதல் மிடறைக் குடித்துவிட்டு ஒன்றும் யோசிக்காதீர்கள். அது வாயைத் தயார்ப்படுத்துவதற்கு. இரண்டாவது மிடறை நாக்கு முழுதும் பரவவிட்டு மூன்று நான்கு விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். வைன் சுவைப்பவர்கள்போல் துப்பவேண்டாம், பில்ஸ்னரின் கதை விழுங்கிய பிறகுதான் தொடங்குகிறது. விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். முகரும்போது பிடிபடாத ஹொப்ஸ் வாசம் பல வேளை அப்போது வந்து நிற்கும்.

முதலில் மால்ட்டின் மெல்லிய இனிப்பு, தானியத்தின் சுவை. அது நிலைக்காது. அடுத்து கசப்பு ஏறும். இந்த இடத்தில் மனதுக்குள் ஒன்றில் இருந்து இருபது வரை எண்ணுங்கள். நல்ல பில்ஸ்னரில் கசப்பு ஏறி, நின்று, பிறகு சுத்தமாக விலகிப்போகும். வாய் வறண்டு, மறுபடி ஒரு மிடறு கேட்கும். கசப்பு போகாமல் தொண்டையில் பிடித்துக்கொண்டு கிடந்தால், அல்லது கசப்பே வராமல் இனிப்பு ஒட்டிக்கொண்டு நின்றால், ஏதோ ஒன்று சரியில்லை.

கசப்பைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். நம் சாப்பாட்டில் இல்லாத கசப்பா? பாவற்காய்க் கறி, வேப்பம்பூ வடகம், வெந்தயம், புழுக்கொடியலின் அடிக்கசப்பு என்று சின்ன வயதில் இருந்தே கசப்பை விரும்பிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். பில்ஸ்னரின் கசப்பைப் புரிந்துகொள்வதில் வன்னிக்காரருக்கு எந்தக் குறையும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்னும் சொல்லப்போனால் நமக்கு ஒரு மேலதிக பலம் இருக்கிறது. கசப்பையும் துவர்ப்பையும் நாம் வேறு வேறாக உணரப் பழகியவர்கள். பாவற்காய் செய்வது ஒன்று, பாக்கும் வாழைப்பூவும் செய்வது இன்னொன்று. கசப்பு ஒரு சுவை. துவர்ப்பு கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கையும் இழுத்துச் சுருக்கி, பல்லில் ஒரு சொரசொரப்பை விட்டுவிட்டுப் போகும்.

பில்ஸ்னரில் கசப்பு இருக்கவேண்டும், துவர்ப்பு இருக்கக்கூடாது. இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி படிப்பு முடிந்தது. துவர்ப்பு வருவது பெரும்பாலும் மால்ட்டின் உமியில் இருந்து. மால்ட்டைக் கழுவி இனிப்பை இறக்கும்போது தண்ணீர் 77 பாகைக்கு மேல் சூடாக இருந்தாலோ, அளவுக்கு மிஞ்சிக் கழுவினாலோ, உமியின் துவர்ப்பும் கூடவே இறங்கிவிடும். தண்ணீரின் குணமும் கசப்பை மாற்றும். சல்பேற் உப்பு கூடிய தண்ணீர் கசப்பைக் கூர்மையாக, வறட்சியாகக் காட்டும். கேத்திலில் வெள்ளை படியவைக்கிற வகைத் தண்ணீர் கசப்பை முரடாக்கும். இரணைமடுவுக்குக் கீழ் ஒரு கிணற்றுத் தண்ணீரையும் பக்கத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் குடித்து வித்தியாசம் சொல்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

கடைசி இரண்டு மிடறை மட்டும் கிளாஸில் விட்டுவைத்து, சூடு ஏறிய பிறகு, 15 பாகைக்கு வந்ததும் குடித்துப் பாருங்கள். இங்கே அதற்கு அதிகம் காத்திருக்கத் தேவையில்லை. குளிர் மூடிவைத்திருந்தது எல்லாம் அப்போது வெளியே வரும். சூடு ஏறியும் சுத்தமாக இருக்கிற பில்ஸ்னர் நன்றாகச் செய்த பில்ஸ்னர். வெக்கை நமக்குச் செய்கிற ஒரே உதவி இது.

பிறகு என்ன

பியரைச் சுவைத்து முடித்த பிறகு சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள். உப்பு கசப்பைத் தணிக்கும். ஆகவே பொரித்த கருவாடு, உப்புப்போட்டு வறுத்த கச்சான், முல்லைத்தீவு இறால் பொரியல், மரவள்ளிக்கிழங்குப் பொரியல் எல்லாம் நன்றாகச் சேரும். உறைப்பைக் குறையுங்கள். பியரின் காற்றும் மிளகாயின் எரிவும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கிளப்பிவிடும், பில்ஸ்னரின் மெல்லிய மால்ட் அதற்குள் காணாமல் போகும்.

இன்னொரு டின் மிஞ்சியிருந்தால் மூன்று கிளாஸ் சோதனையைச் செய்து பாருங்கள். எங்கும் கிடைக்கிற லயன் லாகர் போத்தல் ஒன்றை வாங்கி, இரண்டையும் ஒரே வாளியில் ஒரே அளவுக்குக் குளிரவையுங்கள். 4.8 வீதம் என்பதால் மதுசாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம், ஒப்பிட ஏற்றது. ஒருவர் மறைவில் மூன்று கிளாஸில் ஊற்றட்டும், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. கண்ணை மூடிக்கொண்டு எது தனி என்று சொல்லவேண்டும். எது நல்லது என்று கேட்பதற்கு முன் எது வேறு என்று கண்டுபிடிக்கப் பழகுவது முக்கியம். கண்டுபிடித்தால், எதனால் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். கசப்பு நீண்டு நின்றதா, இனிப்பு மிஞ்சியதா, ஹொப்ஸ் மணத்ததா. "நல்லா இருந்தது" என்று மட்டும் எழுதினால் அடுத்த முறை அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த விடுமுறைக்கு வருகிறவரிடம் இரண்டு ஊர்ப் பில்ஸ்னரைக் கேளுங்கள். ஜேர்மனியின் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் பக்கத்து ஆக்களுக்கு இது சுலபம், வார்ஸ்டைனர், ஃபெல்டின்ஸ் போன்ற பெரிய பில்ஸ் புரூவரிகள் அந்த நகரம் இருக்கிற நோர்த்றைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில்தான் இருக்கின்றன, சிறியவையும் பல உண்டு. வடகடல் பக்கத்தில் யேவர் ஊரின் பில்ஸ் கசப்புக்குப் பேர்போனது. பவேரியாவின் பில்ஸ்னரில் மால்ட் கொஞ்சம் முன்னுக்கு நிற்கும், கசப்பு மென்மையாக இருக்கும். வடக்கின் கசப்பை முதலில் குடித்தால் மற்றது வெறும் தண்ணீராகத்தான் தெரியும். ஆகவே பவேரியாவின் போத்தலை முதலில் திறந்து, நடுவில் ஒரு வாய்த் தண்ணீரும் ஒரு கிறீம் கிறாக்கரும் எடுத்துக்கொண்டு, பிறகு வடக்குக்குப் போங்கள்.